ஸ்காட்லாந்து ரொட்டி, ஆரணி வெயில்

ஸ்காட்லாந்தில் நர்ஸாக இருக்கும் என் நாத்தனார் போன சித்திரையில் லீவுக்கு வந்தபோது ஒரு ரொட்டி மெஷினையும், வழவழப்பான தாளில் அச்சடித்த செய்முறைப் புத்தகத்தையும் கொண்டுவந்தாள். "மாவும் தண்ணியும் போட்டு மூடிடுங்க அண்ணி. மீதிய அதுவே பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பிவிட்டாள்.

நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். புத்தகத்தில் இருப்பதை அப்படியே செய்கிற சுபாவம். 'அறை வெப்பத்தில் உள்ள தண்ணீர்' என்று போட்டிருந்தது. மத்தியானம் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து வந்த தண்ணீரைப் பிடித்து ஊற்றினேன். கை வைத்தால் சுட்டது. அறையும் ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. ஈஸ்ட்டைச் சொன்ன அளவு பிசகாமல் போட்டேன். 'குளிர்காற்று படாத, கதகதப்பான மூலையில் வைக்கவும்' என்றும் இருந்தது. எங்கள் சமையலறையில் அப்படி இல்லாத மூலை ஏது? இருந்தாலும், எழுதியிருக்கிறதே என்று ஜன்னலையும் சாத்தினேன்.

ஒரு மணி நேரம் கழித்து, தண்ணீர் குடிக்கப் போன என் கணவர் உள்ளேயிருந்து கூப்பிட்டார்.

"இன்னாமா, இதுக்குள்ள ஏதாவது வளக்கிறியா?"

மாவு மூடியைத் தூக்கிக்கொண்டு எட்டிப்பார்த்தது. நான் கரண்டியால் உள்ளே தள்ளினால் அடுத்த பக்கம் வந்தது. கொஞ்சம் உள்ளே சூட்டுக்கம்பியில் விழுந்து புகைய, அவர் பிளக்கைப் பிடுங்கினார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாவைக் குறைத்துப் போட்டேன். ரொட்டி பாதி வெந்திருக்கும்போது கரண்ட் போய்விட்டது. திரும்ப வந்ததும் அவசரத்தில் பொத்தானை அமுக்கினேன். மெஷின் நடந்ததையெல்லாம் மறந்து முதலிலிருந்து பிசைய ஆரம்பித்தது. வெளியே எடுத்துத் தட்டில் கொட்டினேன். உப்புமா என்று நினைத்து அவர் சர்க்கரை கேட்டார்.

அன்று நாத்தனாரை வீடியோ காலில் பிடித்தேன். நடந்ததையெல்லாம் சொன்னேன்.

"உண்மைய சொல்லிடறேன் அண்ணி. எங்க வீட்ல ஒருநாளும் அது எழும்பினதே இல்ல. குளிர்ல கல்லு மாதிரி உக்காந்துகினு இருக்கும். ஆரணியிலயாவது பொழைக்கட்டும்னுதான் கொண்டாந்தேன்."

மறுநாள் புத்தகத்தோடு பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பேக்கரிக்குப் போனேன். மாஸ்டர் கையில் ஒட்டிய மாவைத் துடைத்துவிட்டு, நான் தமிழில் சொல்லச் சொல்லப் பொறுமையாகக் கேட்டார்.

"டீச்சரம்மா, இத எழுதினவங்க ஸ்வெட்டர் போட்டுகினு எழுதிக்கிறாங்க. நீங்க வேர்த்துகினு செய்றீங்க. எப்படிங்க ஒத்துவரும்? ஈஸ்ட்ட பாதியாக்குங்க. தண்ணி ஐஸ் போட்டு ஊத்துங்க. ஜல்தியா எழும்புற மாவு ஜல்தியா உக்காந்துடும்."

"புக்குல ஐஸே இல்லியே."

"அவங்க ஊரே ஐஸ்தானே."

வீட்டுக்கு வந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்து அந்தப் புத்தகத்தைத் திருத்தினேன். பக்கத்துக்கு மூன்று தப்பாவது இருந்தது. அச்சடித்த புத்தகத்தில் கைவைக்கிறோமே என்று முதலில் கூச்சமாக இருந்தது. நாலு பக்கம் தாண்டியதும் உற்சாகமாகிவிட்டது.

அந்தச் சனிக்கிழமை விடிந்ததும், வெயில் ஏறுவதற்கு முன்னாலேயே மெஷினைப் போட்டேன். ஜன்னலைத் திறந்தே வைத்தேன். மூன்று மணி நேரத்தில், மேலே பொன்னிறமாக, ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்து, முழு ரொட்டி ஒன்று வந்தது. வீடெல்லாம் வாசனை. கண் கலங்கிவிட்டது என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் கலங்கத்தான் செய்தது.

கணவர் ஒரு துண்டைக் கோழிக்குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டார். மெதுவாக மென்றார்.

"அப்படியே கடையில வாங்கினது மாதிரியே இருக்குதுமா."

அதே ரொட்டி நாலு தெரு தள்ளிக் கடையிலேயே கிடைக்கிறது. நான் அவர் தட்டில் இன்னொரு துண்டை வைத்தேன்.