பூ வண்டி டயர்

ஐம்பது வயதைத் தொட்டு, நாலு புத்தகம் எழுதியவன் என்று தெருவில் பெயரும் வாங்கிய பிறகு, போன மாதம் என் பழைய காருக்கு ஒரு சைஸ் பெரிய டயரைக் கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டேன். வண்டிக்கு ஒரு கம்பீரம் வரும் என்று நினைப்பு. நாகல் நகருக்குள் திருப்பியபோது டயர் மட்கார்டில் உரசி, கழுதை கத்துவது போல ஒரு சத்தம் எழுந்தது. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர், “என்ன சார், வண்டிக்கு வயித்து வலியா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. அந்தச் சத்தத்தைச் சின்ன வயதில் நிறையக் கேட்டிருக்கிறேன்.

அம்மாவின் அண்ணன் நிலக்கோட்டையில் இருந்தார். அந்த மாமாவிடம் ஒரு அம்பாசிடர் உண்டு. அவர் வாங்கும்போதே இரண்டு பேர் ஓட்டிச் சலித்திருந்த வண்டி. அந்த வருடம் அத்தைக்கு முதுகெலும்பில் புற்றுநோய். நாள் விட்டு நாள் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கரண்டு, அதாவது கதிர்வீச்சு, வைத்துக் கொண்டுவர வேண்டும். துணைக்கு அம்மா போய்த் தங்கினாள். கூடவே போன எனக்கு அது லீவு. கரண்டு வைத்தால் ஷாக் அடிக்காதா என்று அத்தையிடம் கேட்டேன். “மதுரையில எப்பப் பாரு கரண்டு கட்டுடா அப்பு, பயப்படாத” என்றாள்.

நோயைவிட ரோடுதான் அவளைக் கொன்றது. வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறும்போது அத்தை “அம்மா” என்பாள். மாமா வண்டியை நிறுத்தி இறங்கிப் போய், கடன்காரனைப் பார்ப்பது போலப் பள்ளத்தை முறைத்துவிட்டு வருவார்.

ஒரு நாள் பூ மார்க்கெட் வாசலில் மல்லிகை மூட்டை ஏற்றிய வேன் ஒன்று பறந்து போவதை அவர் நின்று பார்த்தார். “எம்புட்டு வேகத்துல போறான் பாத்தியா? மதுரையில எறக்குனா ஒரு மொட்டு கசங்கியிருக்குமா? எல்லாம் டயருலதான்டா இருக்கு” என்றார். எனக்கும் அது பெரிய கண்டுபிடிப்பாகத்தான் பட்டது.

மறுநாளே மாமா பூ வேன் டயர் நாலு வாங்கிவந்தார். மெக்கானிக் மட்டும் தலையைச் சொறிந்தார். “அண்ணே, வேன் டயரு இதுக்குப் பெரிசு. ஸ்டியரிங்க ஒடிச்சா உரசும்.”

“ஒடிக்காமப் போறேன். நீ மாட்டு.”

மாட்டியதும் வண்டி எக்கி நின்றது. “என்ன மாப்ள, வண்டியப் பூட்டி உழப்போறியா?” என்று டீக்கடையில் கேட்டார்கள். அத்தையால் அந்த உயரத்துக்குக் காலைத் தூக்க முடியவில்லை. ஒரு பலகையைப் போட்டு ஏற்றினோம். அவளும் அம்மாவும் பின்னால், நான் முன்னால். மாமா சொன்ன சொல் தவறவில்லை. வளைய வேண்டிய இடங்களில் வளையாமல் நேரே போய், அகலமான இடம் பார்த்து, கல்யாண ஊர்வலம் போல ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பினார். அப்படியும் டயர் உரசிக் கத்தியது.

முதல் பெரிய பள்ளம் வந்தது. அத்தையிடமிருந்து சத்தமே இல்லை. மாமா கண்ணாடியில் பார்த்து, “எப்படி இருக்கு?” என்றார்.

“தொட்டில்ல போட்டு ஆட்டுற மாதிரி இருக்கு” என்றாள்.

மாமாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். பல மாதங்களுக்குப் பிறகு சீட்டி அடித்தார், ராகமே இல்லாமல். நான் திரும்பிப் பார்த்தேன். அத்தை முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தாள். சீட்டியைக் கேட்டுச் சிரிப்பை அடக்குகிறாள் என்று நானும் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அத்தையின் பிடிக்குள் இருந்த அம்மாவின் விரல்கள் வெளுத்திருந்தன. பள்ளத்துக்குப் பள்ளம் மாமா கேட்டார். அத்தை புதிது புதிதாக ஒரு பதில் சொன்னாள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் அத்தை போய்விட்டாள்.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் மாமா ஒன்றைத்தான் சொன்னார்: “நோயத்தான் தீர்க்க முடியல. கடைசி வரைக்கும் ஒரு குலுங்கல் இல்லாமக் கூட்டிட்டுப் போயிட்டு வந்தேன்.” வருடங்கள் போன பிறகும், கேட்காதவர்களிடமும் சொன்னார். அவர் அதை ஆரம்பித்தாலே அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். அண்ணனுக்குக் காப்பி போடத்தான் போகிறாள் என்று நினைத்திருந்தேன்.

மாமாவும் காலமாகி, காரியம் முடிந்த மறுநாள், அம்மா மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். எனக்கு எழுத்தாளனுக்குரிய நெகிழ்ச்சி வந்துவிட்டது. “என்ன இருந்தாலும் மாமா அத்தையக் குலுங்காமக் கூட்டிட்டுப் போனாரும்மா” என்றேன்.

அம்மா நிமிரவில்லை. “எங்க குலுங்காம? அதுக்குக் கட்டை வண்டியே தேவல. பழைய டயரையே மாட்டச் சொல்லவா மதினின்னு கேட்டேன். ‘வேணாம், அந்த மனுசன் இப்பத்தான் செத்த நேரம் சிரிக்கிறாரு’ன்னுட்டா.”