கிறீஸ் பூசிய கொம்பியூட்டர்

போன கிழமை கேற்றின் பிணைச்சலுக்குப் பூசக் கிறீஸ் வாங்கப் போனேன். கடைக்காரர் பெரிய தகரத்தைத் திறந்து, ஒரு மரக்குச்சியால் கிள்ளி எடுத்து, பொலித்தீன் துண்டில் வைத்து மடித்துத் தந்தார். அந்த மணம் பட்டதும் வேறு யாருக்காவது என்றால் படகு எஞ்சின் ஞாபகம் வரும், அல்லது சைக்கிள் கடை. எனக்குக் கொம்பியூட்டர் ஞாபகம் வந்தது. சிரிப்பீர்கள். பரவாயில்லை, சிரிக்கக்கூடிய கதைதான். நான் அப்போது சிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

சண்டை முடிந்து கொஞ்சக் காலம் ஆகியிருந்தது. நாங்கள் அப்போதும் நுரைச்சோலைக்குக் கிட்டக் கடலோரமாகத்தான் இருந்தோம். மனைவி ஸ்டெல்லா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்தாள். ஓலைக் கூரையை எடுத்துவிட்டு ஓடு போட வேண்டும் என்று போனவள். மகள் ரொஷானி சொற்களைக் கோர்த்துக் கதைக்கப் பழகிக்கொண்டிருந்த பருவம் அது. வீட்டில் மகளும் நானும், ஸ்டெல்லாவின் தகப்பனும். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். மாமா கடலுக்குப் போய் வருவார். நான் வெங்காயத் தோட்டக்காரருக்கு விதையும் மருந்தும் விற்கிற கடையில் நின்றேன். பிள்ளையைப் பகலில் பக்கத்து வீட்டில் விடுவோம்.

கடை முதலாளி முஸ்லிம். வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பூட்டினால் பின்னேரம் திறக்கமாட்டார். அந்த அரை நாள்தான் எங்கள் குடும்பம் ஒன்றாக இருக்கிற நேரம். ஸ்டெல்லாவின் மேடம் வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டுக்குத் தன் தாய் வீட்டுக்குப் போவார். எப்போது கிளம்புவார் என்று ஒருநாளும் சொல்ல முடியாது. கடைசி ஆளும் வெளியேறிக் கதவு சாத்தியதும் ஸ்டெல்லா எனக்கு ஒரு மிஸ் கோல் தருவாள். மேடத்தின் மூத்த மகள் நல்ல பிள்ளை. தன் கொம்பியூட்டரை ஸ்டெல்லாவுக்காகத் திறந்து வைத்துவிட்டுப் போவாளாம். அவர்கள் திரும்பி வருவதற்குள் ஸ்டெல்லா பாத்திரம் கழுவி, தரை துடைத்து, உடுப்பு மடித்து, மகளின் முகத்தையும் பார்த்து முடிக்க வேண்டும்.

இதற்காகத்தான் கொழும்பிலிருந்து ஒரு பழைய கொம்பியூட்டரை எடுப்பித்தோம். மேசையில் வைத்து, பொலித்தீனால் மூடி, அதற்கு மேலே படுக்கை விரிப்பால் போர்த்தி வைத்திருந்தோம். எங்கள் பக்கத்து உப்புக் காற்றுக்கு எல்லாவற்றையும் போர்த்தத்தான் வேண்டும். மிஸ் கோல் வந்ததும் விரிப்பை இழுத்து, பொலித்தீனைக் கழற்றி, பிளக்கைச் செருகி, ஆளியை அமத்துவேன். ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் திரை வந்துவிடும். அடுத்ததாக ஸ்டெல்லா வருவாள், கொஞ்சம் நீலம் பூத்த முகத்தோடு.

அந்த நேரத்துக்காக நான் தலைவாரி, நல்ல சேர்ட் போட்டுக்கொள்வேன். பிறகு மகளை முன்னுக்குத் தள்ளிவிட்டு நான் படத்துக்கு வெளியே நின்றுகொள்வேன். சொந்த மனைவியோடு கதைக்கக் கூச்சப்பட்ட ஆள் ஊரிலேயே நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன்.

"இஞ்சாருங்க, உங்கட தோள் மட்டும்தான் தெரியுது," என்பாள் ஸ்டெல்லா. "தலைய எங்க வச்சிட்டு வந்தீங்க, கடையிலயா?"

மகள் திரையைத் தொட்டுத் தொட்டு அம்மா, அம்மா என்பாள். திரையில் அவளுடைய விரல் அடையாளங்கள் எண்ணெய்ப் பிசுக்காக இருக்கும். நான் அதைத் துடைப்பதில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பெட்டி திறக்கவில்லை. திறக்கவே இல்லை என்றும் சொல்ல முடியாது. கறுத்த திரையின் நடுவே சின்னப் பட்டை ஒன்று ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. தேத்தண்ணி ஆறி ஆடை படிந்தது. மகள் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்து, மேசைக் காலில் சாய்ந்தபடி நித்திரையாகிவிட்டாள். கடைசியில் திரை வந்தபோது அங்கே ஸ்டெல்லா இல்லை. அடுத்த வெள்ளியும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

மிஸ் கோல் வர முதலே, வேளைக்கே போட்டு வைத்திருக்கலாமே என்று கேட்பீர்கள். வைத்துப் பார்த்தோம். காற்றுக் காலத்தில் தென்னோலை கம்பியில் முட்டினால் போதும், எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கெல்லாம் கரண்ட் போய்விடும். வந்ததும் அந்தப் பட்டை முதலிலிருந்து ஓடத் தொடங்கும். மிஸ் கோலும் சரியாக அந்த நேரத்தில்தான் வரும்.

பக்கத்து வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு வைரஸ் என்றார். "வெளிநாட்டோட கதைக்கிற பெட்டிதானே, வரத்தான் செய்யும்," என்றார், ஏதோ தடிமன் காய்ச்சல் மாதிரி. அவர் சொன்னபடி வைரஸ் பிடிக்கிற ஒன்றைப் போட்டேன். அது வைரஸைப் பிடித்ததோ இல்லையோ, பெட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பாட்டுகளை அழித்தேன். பெருநாள் படங்களை அழித்தேன். எல்லாவற்றையும் துடைத்துப் புதிதாகப் போட வேண்டும் என்று இன்னொருவர் சொன்னார். அதற்கு எனக்குப் பயம். உள்ளே ஸ்டெல்லாவின் பெயரை எப்படிப் போட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. துடைத்தால் அதைத் திரும்ப எடுக்கத் தெரியாது.

சந்தியில் பர்சானா மிஸ் தன் வீட்டு முன்னறையில் கொம்பியூட்டர் வகுப்பு நடத்தினார். தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களைத் துரத்தியபோது மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்போது மிஸ் கைக்குழந்தையாம். வாசலில் எப்போதும் பெண்பிள்ளைகளின் செருப்புக் குவியல். அந்தச் செருப்புகளைக் கண்டதும் நான் சைக்கிளை நிறுத்தாமல் போய்விடுவேன். இப்படிப் பல நாள் போனேன். கடைசியில் மாமாதான், "நீர் ஓடாட்டி நான் ஓடுறன்," என்று சைக்கிளின் பின் கெரியரைப் பிடித்தார். பெட்டியைத் தலையணையோடு சேர்த்துக் கட்டி, நான் உருட்ட, அவர் பின்னால் தாங்கிக்கொண்டு வந்தார்.

"எப்ப இருந்து அண்ணே இப்பிடி?" என்று மிஸ் கேட்டார்.

"கொஞ்ச நாளா, மிஸ்."

"தண்ணி பட்டதா?"

"இல்ல."

"பொய் சொல்லாதீங்க. ஆம்பிளையள் கொண்டு வாற எல்லாப் பெட்டிக்குள்ளயும் தேத்தண்ணி இருக்கும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். மிஸ் பக்கத்து மூடியைக் கழற்றினார். முன்னறை முழுக்கக் கிறீஸ் மணந்தது. உள்ளே ஒவ்வொரு செருகிலும், ஒவ்வொரு கம்பி முனையிலும், மஞ்சளாக, ஒழுங்காக, கையால் வழித்துப் பூசியிருந்தது. அதன் மேல் கறுத்த தூசி மெழுகியது போல ஒட்டியிருந்தது.

"அல்லாவே, இது யார்ட வேலை?"

மாமா முன்னுக்கு வந்தார். "நான்தான் பிள்ள. ஸ்க்ரூவில துரு ஏறத் தொடங்கிட்டுது. மகள் வாற பெட்டி, அப்பிடியே விடேலுமா? எஞ்சினுக்குப் பூசுற அதே கிறீஸ். நல்ல சாமான்."

"ஐயா, இது போட் எஞ்சின் இல்ல."

"கடக்கரையில இரும்பெல்லாம் ஒண்டுதான் பிள்ள. உப்புக்கு ஆள் தெரியாது."

மாமாவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் பூட்டு வாங்கினால் பாவிக்க முதல் கிறீஸ் பூசுவோம். கதவுக் கொண்டி, தையல் மெசின், மின்விசிறி, எல்லாவற்றுக்கும்தான். கோயில் மணியின் நாக்குக்குக்கூடப் பூசியவர்கள் நாங்கள்.

மிஸ் பஞ்சும் ஸ்பிரிட்டும் எடுத்து ஒவ்வொன்றாகத் துடைத்தார். பட்டையாக நாடா போல இருந்த கம்பியொன்றைக் கழற்றி வேறொன்றைப் பூட்டினார். போட்டுப் பார்த்தார். பட்டை முன்போலவே ஓடியது, நின்றது, ஓடியது.

"பாத்தீரா மருமகன், கிறீஸ்ல பிழை இல்ல," என்றார் மாமா, தாழ்ந்த குரலில்.

 மிஸ் பிள்ளைகளுக்கு ஏதோ தட்டெழுதக் கொடுத்துவிட்டு எங்கள் பெட்டிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒன்றைத் திறப்பார், மூடுவார், வேறொன்றைத் திறப்பார். பள்ளிவாசலில் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்து கொஞ்ச நேரத்தில், "ஆ, இதான்," என்றார்.

எனக்கு விளங்கும்படி சொன்னார். "அந்த நாடாவால போற செய்தி பிழைச்சுப் பிழைச்சுப் போயிருக்கு அண்ணே. கன தரம் பிழைச்சா, இது தானாவே வேகத்தைக் குறைச்சுக்கொள்ளும். பிழை வராம மெல்லமாப் போவம் எண்டு. இப்ப நாடா புதுசு, பிழை வாறதில்ல. ஆனா அது இதுக்குத் தெரியாதே. மெல்லமாவே போய்க்கொண்டு இருக்கு."

"அப்ப?"

"நாமதான் உள்ள போய், இனி ஓடலாம் எண்டு சொல்லிக் குடுக்கோணும்."

எதையோ அழித்தார், திரும்பப் போட்டார். திரை வந்தது. மாமா தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். கூலி எவ்வளவு என்று நான் கேட்டதற்கு மிஸ், "ஐயாவ மீன் கொண்டு வரச் சொல்லுங்க. கிறீஸ் பூசாத மீன்," என்றார்.

வெள்ளிக்கிழமை வந்தது. மகளுக்குப் பவுடர் போட்டு, விரிப்பை எடுத்து வைத்துவிட்டுக் காத்திருந்தோம். மிஸ் கோல் வரவில்லை. அடுத்த வெள்ளியும் வரவில்லை. பிறகு ஒருநாள் பின்னேரம் ஸ்டெல்லா கடைக்கே கோல் எடுத்தாள். நான் மருந்து அடுக்குகளுக்குப் பின்னால் போய் நின்று கதைத்தேன்.

"பெட்டி சரியாகிட்டுது. இப்ப கெதியா வருது," என்றேன்.



"வேணாம். போன்ல கதைச்சாக் காணும்," என்றாள்.

"ஏன்?"

"பாக்காம இருந்து பழகிட்டன். முந்தி புள்ளையப் பாத்தா ரெண்டு நாளைக்குக் கை ஓடாது, மேடம் ஏசுவா. இப்ப பரவாயில்ல. வேலை நடக்குது."

சரி என்றேன். அவளும் சரி என்றாள். அன்றைக்கு ஒருவர் வெள்ளைப் பூச்சிக்கு மருந்து கேட்டு வந்து நின்றார், எடுத்துக் கொடுத்தேன். வீட்டுக்குப் போய் மாமாவிடம் சொன்னேன். அவர் பெட்டியைப் பொலித்தீனால் மூடி, விரிப்பால் போர்த்தி, ஓரங்களைச் செருகினார். சாப்பிடும்போது கேட்டார்: "கிறீஸாலயா?"

"இல்ல மாமா," என்றேன். அது சரியான பதிலா என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு போன் மட்டும்தான். சேர்ட் பையிலிருந்து எடுத்து மகளின் காதில் வைப்பேன். அவள் கேட்பாள், தலையாட்டுவாள். தலையாட்டுவது அங்கே தெரியாது என்று சொல்லிக் கொடுத்தும் தலையாட்டுவாள். கூரைக்கு ஓடு ஏறியது. ஒப்பந்தம் இன்னொரு தரம் நீண்டது.

ஸ்டெல்லா வந்த நாளில் நாங்கள் மூவரும் வான் ஒன்றை வாடகைக்குப் பிடித்துக் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போனோம். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் தள்ளுவண்டியோடு வந்தாள். மெலிந்து, நிறம் மாறி இருந்தாள். குனிந்து, "ரொஷானி, மகள்," என்றாள்.

குரல் கேட்டதும் பிள்ளையின் முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடு அவள் அண்ணாந்து என் சேர்ட் பையைப் பார்த்தாள்.

ஸ்டெல்லா அதைக் கண்டாள். கொஞ்ச நேரம் குனிந்தபடியே நின்றாள். பிறகு நிமிர்ந்து, பெட்டிகளை வானில் ஏற்றச் சொன்னாள்.

இப்போது மாமா இல்லை. அவருடைய படகை உடப்பு ஊர்க்காரர் யாரோ வாங்கிப் போனார்கள். பர்சானா மிஸ்ஸின் குடும்பம் மன்னார்ப் பக்கம் காணி துப்புரவாக்கித் திரும்பிப் போய்விட்டது. வகுப்பு நடந்த அறையில் இப்போது போன் கவர் விற்கிறார்கள். கொம்பியூட்டரைப் பழைய இரும்புக்காரர் கொண்டுபோனார். தூக்கும்போது அடித்தகடு துருவில் கழன்று விழுந்தது. மிஸ் கோல் தருகிற ஆட்களும் இல்லை. விமான நிலையத்தில் நடந்ததை ஒருநாள் மகளிடம் சொன்னேன். "சும்மா கதைக்காதீங்க அப்பா," என்றாள். ஸ்டெல்லா தனக்கு அப்படி ஒன்றும் ஞாபகம் இல்லை என்றாள்.

பின்னேரங்களில் தாயும் மகளும் குசினிக்குள் சமைத்தபடி கதைத்துக்கொண்டிருப்பார்கள். மகள் வளர வளர இரண்டு குரலும் ஒன்றுபோல ஆகிவிட்டன. முன்னறையில் இருந்து கேட்கும் எனக்கு எது யாருடையது என்று பிரிக்க முடிவதில்லை. நான் எழுந்து போய்ப் பார்ப்பதும் இல்லை.