கைக்கு நேராக வரும் பேச்சு

துபாய் ஜெபல் அலியில் நான் வேலை பார்க்கும் பேக்கிங் கம்பெனிக்கு ஒரு புது மெஷின் வந்தது. தட்டை அட்டையை உறிஞ்சி எடுத்து, மடித்து, பசை தடவி, பெட்டியாக்கி வெளியே தள்ளும் மெஷின். ஸ்லோவேனியா என்ற நாட்டிலிருந்து கன்டெய்னரில் வந்திருந்தது. அந்த நாடு எங்கே இருக்கிறது என்று எங்கள் லைனில் ஒருவருக்கும் தெரியாது. நான் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர் என்பதால் தெரிந்த மாதிரி தலையாட்டி வைத்தேன். தெரியாததற்குத் தலையாட்டுவது எங்கள் தொழிலில் பாதி.

மெஷினைப் பொருத்தி ஓட்டிக் காட்ட இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் டெக்னீஷியன். ஐம்பதைத் தாண்டியவர், கதவை அடைக்கிற உருவம், இடது கையில் மோதிர விரல் பாதிதான் இருந்தது. இன்னொருவர் மெஷினின் சாஃப்ட்வேரைக் கவனிக்கும் பெண் எஞ்சினியர், அந்த நாட்டின் தலைநகரத்துக்காரர். மூன்று வாரம் இருந்தார்கள். பகல் முழுக்க அவர்களோடு ஒட்டிக்கொண்டிருப்பது என் டூட்டி.

இரண்டாம் நாளே ஒன்றைக் கவனித்தேன். டெக்னீஷியன் தன் ஹெட் ஆபீசுக்குப் பேசும்போது நிமிர்ந்து நின்று, அளந்து, ஒரே சீராகப் பேசினார். வீட்டுக்குப் பேசும்போது ஆளே மாறிவிட்டார். காலை அகட்டி பேலட் அடுக்கின் மேல் உட்கார்ந்துகொண்டு, ஸ்பீக்கரைப் போட்டு, கன்வேயர் சத்தத்துக்கு மேலே கத்திச் சிரித்துப் பேசினார். அந்தப் பேச்சில் உதட்டைக் குவித்துச் சொல்லும் ஓசைகள் நிறைய வந்தன. ஹெட் ஆபீஸ் பேச்சில் அவை இல்லை. எனக்கு ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் இரண்டும் ஒன்றில்லை என்று உடனே தெரிந்துவிட்டது.

தெரியாமல் எப்படி இருக்கும்? பன்னிரண்டு வருடமாக நான் செய்துகொண்டிருந்த வேலையே அதுதானே.

எனக்கு ஊர் நாகர்கோவில் பக்கம். முதன்முதலாக அல் கூஸ் லேபர் கேம்ப்புக்கு வந்த அன்று ரூமில் எட்டுப் பேர் இருந்தார்கள், எல்லாம் தமிழ் ஆட்கள். "எனக்க பெட்டிய எங்க வைக்கட்டும்?" என்று கேட்டேன். அவ்வளவுதான். விழுப்புரத்துக்காரர் ஒருவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, "இன்னாப்பா, மலையாளத்தான் ஒருத்தன மாத்தி இங்க அனுப்பிட்டானுங்களா?" என்றார். ரூமே சிரித்தது. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் அதன்பின் ஒரு வருடம் நான் வாயைத் திறந்தாலே அவர் என்னைப் போலவே இழுத்துப் பேசிக் காட்டுவார். நன்றாகவே பேசிக் காட்டுவார், அதுதான் கொடுமை. மெல்ல மெல்ல ஊர்ப்பேச்சை விட்டுவிட்டேன். டிவியில் செய்தி வாசிப்பவர் மாதிரி ஒரு தமிழை வைத்து ஓட்டினேன். மனைவிக்குப் போன் பேச வேண்டுமென்றால் கேம்ப்பின் பின்பக்கம் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் போய் நிற்பேன். அங்கேயும் குரலைத் தாழ்த்தித்தான். "பக்கத்துல யாராவது நிக்காவளா? ஏன் இப்பிடிக் குசுகுசுன்னு பேசுதிய?" என்று அவள் எப்போதும் கேட்பாள்.

அதனால் இந்த டெக்னீஷியன் வெட்கமே இல்லாமல் நூறு பேர் நடுவில் ஊர்ப்பேச்சு பேசியது எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. பொறாமை என்று சொன்னாலும் தப்பில்லை.

ஒரு நாள் அவருடைய இந்த இரண்டு பேச்சைப் பற்றி எஞ்சினியர் அம்மாவிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். "அவர் வீட்டுக்குப் பேசும்போது மூன்று வார்த்தையில் ஒன்றுதான் எனக்குப் பிடிபடும். அந்த ஊர்க்காரர்கள் டிவியில் பேசினால் சில சமயம் கீழே எழுத்துப் போடுவார்கள்" என்றார். டெக்னீஷியன் இதைக் கேட்டு முகம் கோணவில்லை. மார்பைத் தட்டிக்கொண்டார்.

மத்தியானச் சாப்பாட்டில் அவர் தன் ஊரைப் பற்றிச் சொன்னார். முரா என்று ஒரு ஆறு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருப்பதால் ப்ரெக்முர்யே என்று பெயர். மலைநாட்டில் அது மட்டும் சமதரை, எங்கும் மக்காச்சோளம், கரண்ட் கம்பத்தின் மேல் நாரை கூடு கட்டும். பல நூறு வருடம் அந்தப் பக்கம் ஹங்கேரி ராஜ்ஜியத்தின் கீழ் இருந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கத்து ஆட்களோடு போக்குவரத்துக் குறைவு. அதனால் பேச்சு தன்பாட்டுக்கு வளர்ந்தது. பேச்சோடு நிற்கவில்லை. ஜெபப் புத்தகம், பள்ளிப் பாடம், பஞ்சாங்கம், பத்திரிகை எல்லாம் அந்தப் பேச்சிலேயே அச்சடித்தார்கள். எல்லோரும் ஒரே நாடாகச் சேர்ந்தபோது அவர்கள் வெறுங்கையோடு வரவில்லை, ஒரு அலமாரிப் புத்தகத்தோடு வந்தார்கள். இதைச் சொல்லும்போது அவர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார். எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் பக்கத்துப் பேச்சு சினிமாவில் வந்தால் சிரிக்க வைக்கத்தான் வரும். இவர்கள் அதில் கடவுளைக் கும்பிட்டிருக்கிறார்கள், பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

"உங்கள் பேச்சுக்கு என்ன பெயர்?" என்று கேட்டேன். "மற்றவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் 'போ நாஷென்' என்போம், எங்கள் மாதிரி பேசுவது, அவ்வளவுதான்" என்றார். அந்த ஊரில் நிலம் குறைவு, ஆட்கள் அதிகம். பல தலைமுறையாக அறுவடைக்கும் கிழங்கு பிடுங்கவும் கூட்டம் கூட்டமாக பிரான்ஸுக்கும் ஜெர்மனிக்கும் போய், சீசன் முடிந்ததும் திரும்புவார்கள். அவருடைய அப்பாவும் அப்படிப் போனவர்தான். "அது எங்கள் துபாய்" என்று சொல்லி என் தோளில் ஒரு அடி கொடுத்தார். வலித்தது. ஆனாலும் பிடித்திருந்தது. சூட்கேஸில் காலுறைக்குள் சுற்றிக் கொண்டுவந்திருந்த பூசணி விதை எண்ணெயை என் குபூஸ் ரொட்டியில் ஊற்றினார். கரும்பச்சையாக, வறுத்த வாசனையோடு இருந்தது.

இரண்டாம் வாரம் டிரெயினிங். மெஷினுக்குக் கண்ணாடிக் கதவு உண்டு, திறந்தால் மெஷின் நின்றுவிடும். உள்ளே அட்டை சிக்கினால் சிவப்புப் பட்டனை அமுக்கி, கதவைத் திறந்து, பிறகுதான் கையை விட வேண்டும். டெக்னீஷியன் இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, லைனில் இருந்த பன்னிரண்டு தமிழ் ஆட்களுக்கு நான் சொன்னேன். "இயந்திரம் இயங்கிக்கொண்டிருக்கும்போது எக்காரணம் கொண்டும் கைகளை உள்ளே செலுத்தக் கூடாது." கேட்கவே கம்பீரமாக இருந்தது. புரிந்ததா என்றேன். "ஓகேண்ணே" என்று பன்னிரண்டு தலையும் ஆடின. பேப்பரில் பன்னிரண்டு கையெழுத்து விழுந்தது. டெக்னீஷியன் மட்டும் அந்தப் பேப்பரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரெயினிங் முடிந்த மூன்றாம் நாள் லைனில் புதுக்கோட்டைக்காரர் ஒருவர் வேலை ஓடட்டும் என்று ஒரு காரியம் செய்தார். கதவில் ஒரு சின்ன காந்தம் இருக்கும், சட்டத்தில் சென்சார் இருக்கும். காந்தத்தைக் கழற்றி சென்சாரிலேயே டேப் போட்டு ஒட்டிவிட்டால், கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக நம்பி மெஷின் ஓடும். அப்படி ஓடும் மெஷினுக்குள் கையை விட்டு அட்டையை இழுத்திருக்கிறார். கிளவுஸ் போய்விட்டது. கை வந்துவிட்டது. ஒரு நகம் மட்டும் பெயர்ந்தது. அவருக்கு ஊரில் இரண்டு பெண் பிள்ளைகள், இந்தக் கையை நம்பித்தான் அந்த வீடு இருக்கிறது. கிழிந்த கிளவுஸைக் கையில் எடுத்துப் பார்த்தேன். தலையாட்டிக் கையெழுத்துப் போட்டவர் அவர். ஆட்ட வைத்தவன் நான்.

டெக்னீஷியன் மெஷினை நிறுத்திப் பூட்டிவிட்டு என்னைத் தனியே அழைத்துப் போய்ப் பாதி விரலைக் காட்டினார். இளவயதில் எல்லை தாண்டி ஆஸ்திரியாவில் ஒரு ஃபாக்டரிக்கு வேலைக்குப் போயிருக்கிறார். அங்கும் டிரெயினிங். ஜெர்மனில் சொன்னதை ஒரு படித்தவர் அழகான ஸ்லோவேன் மொழியில் மாற்றிச் சொன்னார். இவரும் தலையாட்டினார்.

"புரியவில்லையா?" என்றேன்.

"எல்லா வார்த்தையும் புரிந்தது. அதுதான் பிரச்சினை. காதில் விழும், தலைக்குப் போகும், அங்கே உட்கார்ந்துகொள்ளும். கைக்கு வராது. அன்றைக்கு மெஷினில் கையை விட்டபோது என் பக்கத்து ஊர்க்காரன் எங்கள் பேச்சில் ஒரு கத்து கத்தினான். நான் யோசிக்கவே இல்லை. கை தானாக வெளியே வந்தது. அவன் கத்தியதால் போனது பாதி விரல். இல்லையென்றால் முழுக் கை."

பிறகு என் பக்கம் திரும்பி, "நீ வேறு மாதிரியும் பேசுவாய். கேம்ப்பில் உங்கள் ரூம் பார்க்க வந்தேனே, அன்று தண்ணீர் டேங்குக்குப் பின்னால் கேட்டேன். அந்தக் குரலில் சொல்லிப் பார்" என்றார்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. அவர்கள் சிரிப்பார்கள் என்றேன். "சிரிக்கட்டும். சிரித்தால் மறக்க மாட்டார்கள்" என்றார்.

மறுநாள் மறுபடி டிரெயினிங். அந்த மனிதர் முதலில் தானே முன்னால் வந்து, இங்கிலீஷை விட்டுவிட்டு, தன் ஆற்றங்கரைப் பேச்சில் ஆரம்பித்தார். கதவைக் காட்டி, பட்டனைக் காட்டி, பாதி விரலைத் தூக்கிக் காட்டி, திட்டி, கெஞ்சி, மேலே பார்த்து யாரையோ கூப்பிட்டு, ஐந்து நிமிடம். எங்கள் ஆட்களுக்கு ஒரு சொல் புரியவில்லை. ஆனால் ஒருவர்கூட அசையவில்லை. எஞ்சினியர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே, "இதில் எனக்கே பாதிதான் புரிந்தது" என்றார். ஒரு மனிதன் தன் சொந்தப் பேச்சில் முழுசாக நிற்பதை அன்றுதான் பார்த்தேன். அப்படி ஒரு அழகு.

அடுத்தது நான். இன்றும் என் ரூமிலும் லைனிலும் கூடவே இருக்கும் விழுப்புரத்துக்காரர் முன்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தேன்.

"லேய் மக்கா, செவப்புப் பட்டன அமுக்காம உள்ள கைய விட்டியன்னா சோலி முடிஞ்சு, கேட்டியளா? பெறவு ஒனக்க சோத்த யாரு உருட்டித் தருவா? ஒனக்க பெஞ்சாதி ஃபிளைட்டு ஏறி வருவாளா? நாந்தான் ஊட்டணும். எனக்கு அதுக்கு நேரம் கெடையாது பாத்துக்க. கதவு தொறந்து மெஷின் ஓடுகத எவன் கண்டாலும், 'கைய எடுல சவமே'ன்னு கத்தணும். மேனேஜரா இருந்தாலும் கத்து. நான் பாத்துக்கிடுகேன்."

சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். விழுப்புரத்துக்காரர்தான் அதிகம். அன்று முழுக்க லைனில் "கைய எடுல சவமே" என்பதுதான் பேச்சு. டீ கப்பை எடுத்தால்கூட யாராவது கத்துவார்கள். புதுக்கோட்டைக்காரர் கட்டுப்போட்ட விரலோடு சிரித்தார். அவமானமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. கால் செருப்பில் சரியாகப் பொருந்தி நின்ற மாதிரி இருந்தது.

மூன்றாம் வார முடிவில் அவர்கள் கிளம்பினார்கள். டெக்னீஷியன் மிச்சமிருந்த எண்ணெய் பாட்டிலை என்னிடம் கொடுத்தார்.

ஏழெட்டு மாதம் கழித்து, ரமலானுக்கு முந்தின வாரம். பெரிய ஆர்டர், வெளியே லாரிகள் வரிசையில் நின்றன. மெஷின் அட்டையைச் சரியாக உறிஞ்சவில்லை. மேனேஜர் என் பின்னாலேயே நின்றுகொண்டு "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். ஓடும்போது பார்த்தால்தான் கோளாறு தெரியும் என்று, கதவைத் திறந்து, காந்தத்தைக் கழற்றி சென்சாரில் வைத்தது வேறு யாருமில்லை, நானேதான். பார்க்க மட்டும்தான் நினைத்தேன். ஒரு அட்டை கோணலாக நின்றது. இரண்டு விரலால் நேராக்கிவிடலாம் போலிருந்தது.

"லேய்! கைய எடுல சவமே!"

என் கை வெளியே இருந்தது. நான் எடுக்கவில்லை, அது வந்துவிட்டது. மடிக்கும் தகடு அந்த இடத்தில் அறைந்து மூடியது. திரும்பிப் பார்த்தேன். கன்வேயரின் மறுமுனையில் விழுப்புரத்துக்காரர் நின்றார். அந்த முதல் வருடம் முழுக்க என்னைக் கேலி செய்து செய்து பழகிய அதே இழுப்பு, அதே குரல், ஒரு பிசிறு இல்லாமல். எங்கள் தெருவில் நின்று கத்தினால்கூட யாரும் அவரை அசலூர்க்காரர் என்று சொல்ல மாட்டார்கள்.

அவர் வந்து சிவப்புப் பட்டனை அமுக்கினார். "இன்னாண்ணே நீ, எங்களுக்குச் சொல்லிட்டு..." என்றார். என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மேனேஜர் யல்லாவை நிறுத்தியிருந்தார்.

அன்று டூட்டி முடிந்து ரூமுக்கு வந்ததும், பத்து விரலையும் விரித்து ஒரு போட்டோ எடுத்து டெக்னீஷியனுக்கு அனுப்பினேன். அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது, முழுக்க அவருடைய ஊர்ப்பேச்சில். ஒரு வார்த்தை புரியவில்லை. ரூமில் எல்லோருமாகச் சேர்ந்து இரண்டு தடவை போட்டுக் கேட்டோம்.

பிறகு மனைவியைக் கூப்பிட்டேன். டேங்குக்குப் பின்னால் போகவில்லை. கட்டிலில் சாய்ந்தபடியே நடந்ததையெல்லாம் சொன்னேன். மேல் கட்டிலிலிருந்து விழுப்புரத்துக்காரர் விட்டுப்போனதை எடுத்துக் கொடுத்தார். அவள் அழுதாள், திட்டினாள், மறுபடி அழுதாள். கடைசியில்தான் அவளுக்கு உறைத்தது.

"இம்புட்டுச் சத்தமாப் பேசுதிய? அங்க ஒருத்தரும் இல்லியா?"

"எல்லாரும் இருக்காவ" என்றேன்.