மூன்றாவது தட்டு

சுருட்டு உருட்ட வந்து, கை வணங்காமல், குரலை நம்பி வாசிப்பு வேலைக்கு மாறியவள் எர்மெலிந்தா. பினார் தெல் ரியோ ஊர்ச் சுருட்டு ஆலையில் எல்லோரும் உருட்ட, அலுப்புத் தெரியாமலிருக்க அவள் பேப்பரும் கதையும் உரக்க வாசிப்பாள். பிடித்துப்போனால் இலை வெட்டும் கத்தியால் பலகையைத் தட்டுவார்கள். பிடிக்காவிட்டால் கத்தியைத் தரையில் போடுவார்கள். அன்று அவள் புதுக்கவிதை ஒன்றை வாசித்து முடித்ததும் கத்திகள் தரையில் விழுந்தன.

"எதுகை மோனை இல்ல, தாளமும் இல்ல. இதெல்லாம் ஒரு கவிதையா? பேப்பரையே படிம்மா!" என்றான் உருட்டுபவர்களில் ஒருவனான பிளாசிடோ.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "காதை எங்கய்யா வச்சிருக்க? ஒரு வரி விட்டு ஒரு வரி ஒரே ஓசையிலதானே முடியுது! கத்தியை எடு. நான் அழுத்துற இடத்துல தட்டு."

மறுபடி வாசித்தாள். ஒவ்வொரு பத்தியும் "மழை வரும், மழை வரும், மழை வரும்" என்று முடிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு என்று எல்லோரும் தட்டிய மூன்று தட்டில் கூடம் அதிர்ந்தது. கடைசிப் பத்தியில் "மழை வரும், மழை வரும்" என்று சொல்லி நிறுத்திவிட்டாள். அவள் சொல்லாவிட்டாலும் மூன்றாவது தட்டு எல்லாப் பலகையிலும் ஒன்றாக விழுந்தது.

"ஒண்ணை முழுங்கிட்டியே!" என்றான் பிளாசிடோ.

"நான் முழுங்கல, கவிதை அங்கதான் முடியுது. தாளமே இல்லைன்னியே, இப்ப எதுக்குய்யா தட்டின?"

பிளாசிடோ சிரித்துவிட்டான். முதலில் அவன் தட்டினான். அடுத்த நொடி ஆலையே தட்டியது.