எழுத்தில் அனுப்புங்கள் என்றேன்

மனு ஒன்று வந்தால் மூன்று நாளில் ஒப்புகை தர வேண்டும். முப்பது நாளில் பதில் தர வேண்டும். முப்பத்து நான்கு வருடம் நான் கட்டிக் காத்த விதி இது. அம்மனுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாதோ என்று போன கார்த்திகை வரை எனக்கு வருத்தம் இருந்தது.

நான் ஆரணிக்காரன். அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். படவேட்டு அம்மன் கோயிலுக்கு வெள்ளிக்கிழமைதோறும் வருகிறவர்கள் என்னைப் பார்த்திருப்பீர்கள். வரிசையில் இடையில் புகுகிறவர்களிடம் சண்டை பிடிப்பவன் நான்தான்.

என் மகள் சுமதியின் கணவர் இரண்டு வருடத்துக்கு முன் விபத்தில் போய்விட்டார். அவள் வேலை பார்த்த பட்டுக்கடையையும் அதே வருடம் மூடிவிட்டார்கள். ஏழு வயது மகளோடு என் வீட்டுக்கு வந்தாள். செய்யார் தொழிற்பேட்டைக்கு ஆரணியிலிருந்து கம்பெனி பஸ் போகிறது. அங்கே ஒரு வேலை கிடைத்தால் போதும், குழந்தையோடு இருந்துகொண்டே சம்பாதிக்கலாம் என்றாள்.

விண்ணப்பத்தை நான் எழுதுகிறேன் என்றேன். என்னைவிட யாருக்குத் தெரியும்?

மூன்று பக்கம், ஆங்கிலத்தில். “பணிந்து சமர்ப்பிக்கிறேன்” என்று தொடங்கும். ஆதரவற்ற விதவை, தந்தை ஓய்வு பெற்ற கண்காணிப்பாளர், கருணை கூர்ந்து பரிசீலிக்க வேண்டும் என்று போகும். பதினோரு இணைப்புகள், எல்லாவற்றிலும் மேலொப்பம். தொடர்புக்கு என் கைபேசி எண். நான் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இடத்தில் சுமதி கையெழுத்துப் போடுவாள். ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபால்.

ஒரே ஒரு முறை அவள் குறுக்கிட்டாள்.

“கடையில எட்டு வருசம் சேலை செக் பண்ணேனேப்பா, அதையும் எழுதுங்க.”

“அனுபவச் சான்றிதழ் இருக்கா?”

“கடையில யாருப்பா அதெல்லாம் குடுக்கறாங்க?”

“அப்போ அது அனுபவம் இல்லம்மா.”

அவள் கையெழுத்துப் போட்டாள்.

பதினான்கு மாதம் போனது. ஒப்புகை அட்டைகள் திரும்பி வந்தன. பதில் வரவில்லை. கார்த்திகை தீபம் முடிந்த வாரம் சுமதி சொன்னாள்: “பொங்கல் கழிச்சு திருப்பூர் போறேன்பா. மில்லுல ஹாஸ்டல் தர்றாங்களாம். பாப்பா உங்ககிட்டயே இருக்கட்டும்.” குழந்தை என்னிடம் வந்து, திருப்பூருக்கு எத்தனை பஸ் மாற வேண்டும் என்று கேட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை சன்னிதியில் நான் அழுதேன். தாயே, ஒரு பதில் வரட்டும். இல்லை என்றாவது வரட்டும். வேறு எதுவும் கேட்கவில்லை.

திரும்பும்போது சந்தவாசலில் பஸ்ஸுக்கு நின்றேன். கோயிலில் அடிக்கடி பார்க்கும் ஓர் அம்மா பக்கத்தில் நின்றிருந்தார். கூலி வேலைக்குப் போகிறவர்.

“இன்னா சார், வாரா வாரம் வர்றீங்க. இன்னா வேண்டுதலு?”

“பொண்ணுக்கு வேலைம்மா. எழுதிகினே இருக்கோம். ஒரு கடுதாசிகூட வரல.”

அவர் சிரித்துவிட்டார். “கடுதாசியா? இப்ப எவன் சார் கடுதாசி போடறான்? என் மருமவளுக்கு போனுதான் வந்துச்சு. சோறு வடிச்சிகினு இருந்தா, கரண்டியோட பேசினா. மறாநாளே கம்பெனி பஸ் ஏறிட்டா. உங்களுக்கு ஒரு போன்கூடவா வரல?”

“பஸ் வருதா பாரும்மா” என்றேன்.

பஸ் வரவில்லை.

போன் வந்திருந்தது. மூன்று முறை. முதல் முறை பேசிய பெண்ணின் குரல்கூட நினைவிருக்கிறது. “சார், சுமதி மேடம் இருக்காங்களா? புதன்கிழமை இன்டர்வியூக்கு வரச் சொல்லணும்.” நான் சொன்னேன்: “எதுவா இருந்தாலும் எழுத்துல அனுப்புங்கம்மா. வாயால சொல்றது செல்லாது.” அவள் சிரித்தாள். “சார், இது கவர்மென்ட் ஆபீஸ் இல்ல சார்.” அந்தச் சிரிப்பிலேயே இது மோசடிக் கும்பல் என்று முடிவு செய்துவிட்டேன். வேலை தருகிறேன் என்று ஏமாற்றுகிறவர்களைப் பற்றி நாளிதழில் தினமும் படிக்கிறேன் அல்லவா? இனிமேல் அழைக்காதே என்று வைத்துவிட்டேன். மற்ற இருவருக்கும் அதே பதில். ஒரு கும்பலை விரட்டிவிட்டேன் என்ற பெருமையில் சுமதியிடம்கூடச் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து என் குறிப்பேட்டைத் திறந்தேன். தேதி, நேரம், எண், எல்லாம் என் கையெழுத்தில் இருந்தன. எதிரே, “வாய்மொழி அழைப்பு. ஏற்க இயலாது. முடிக்கப்பட்டது.” மூன்று இடத்திலும் சிவப்பு மையில் சுருக்கொப்பம்.

நான் வாரந்தோறும் கேட்ட பதிலை அம்மன் மூன்று முறை அனுப்பியிருக்கிறாள். மூன்று முறையும் திருப்பி அனுப்பியது நான்.

குறிப்பேட்டைச் சுமதியிடம் நீட்டினேன். மூன்று பதிவையும் விரல் வைத்துப் படித்தாள்.

“மூணு தடவையாப்பா?”

“ஆமாம்மா.”

“படிச்சவரு, உங்களுக்குத் தெரியும்னு சும்மா இருந்தேன் பாருங்க. என்னைச் சொல்லணும்.”

என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பிறகு விண்ணப்பத்தின் நகலைக் கேட்டாள். அதை அவள் முழுதாகப் படித்தது அன்றுதான்.

“இதுல நான் எங்கப்பா இருக்கேன்? செத்துப்போனவரு இருக்காரு, நீங்க இருக்கீங்க.”

அவளே எழுதினாள், தமிழில், அரைப் பக்கம். “உங்கள் தரச் சோதனைப் பிரிவில் வேலை கேட்டு எழுதுகிறேன். எட்டு வருடம் பட்டுச் சேலை சோதித்திருக்கிறேன். இழை விட்டதையும் நிறம் மாறியதையும் கண்டு தறிக்காரரிடம் சொல்லிச் சரிசெய்ய வைத்திருக்கிறேன். நான் கவனிக்காமல் விட்டு, வாங்கியவர்களிடமிருந்து திரும்பி வந்தவை நான்கு சேலைகள். உங்கள் பொருள் எனக்குப் புதிது. ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வேன். எந்த ஷிப்ட் பஸ்ஸிலும் வர முடியும்.” கீழே அவளுடைய எண்.

“அந்த நாலை எதுக்கும்மா எழுதற?” என்றேன்.

“நாலுதானேப்பா.”

நான் ஒரு துண்டுச் சீட்டு மட்டும் சேர்க்க அனுமதி கேட்டேன். “முன்பு நீங்கள் அழைத்தபோது தடுத்தவன் இவளுடைய தந்தை. தவறு என்னுடையது, விண்ணப்பதாரருக்கு இது தெரியாது.” என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சிறிய கடிதம் அது. எழுத ஒரு நாள் ஆனது.

குறிப்பேட்டில் இருந்த எண்களில் நானே பேசி மன்னிப்புக் கேட்டேன். இரண்டு கம்பெனிகளில் அந்த இடம் எப்போதோ நிரம்பிவிட்டது என்றார்கள். மூன்றாவது இடத்தில், கடிதத்தை அனுப்புங்கள், பார்க்கலாம் என்றார்கள். அன்றே அனுப்பினோம். சுமதி திருப்பூருக்குப் பெட்டியை எடுத்து வைத்தாள். நான் படவேட்டில் நின்றேன். தாயே, நீ எந்த வழியில் சொன்னாலும் கேட்கிறேன் என்று மட்டும் வேண்டினேன்.

நேர்முகத்தில் அவளிடம் முதலில் கேட்டது அந்த நான்கு சேலைகளைப் பற்றித்தானாம். இன்று அவள் காலையில் கம்பெனி பஸ் ஏறுகிறாள். குழந்தைக்குப் பின்னல் போட்டுவிட்டுத்தான் ஏறுகிறாள். அம்மனுக்குக் கோடி நன்றி. ஆனால் என் மகளின் ஒரு வருடத்தை நான் தின்றுவிட்டேன். அதை எந்த விதியின் கீழும் திருப்பித் தர முடியாது. அவள் இதுவரை அதைக் குத்திக்காட்டியதில்லை. அதனால்தான் இதை நானே எழுதுகிறேன்.

வேண்டிவிட்டுக் காத்திருக்கிறவர்களே, நம்பிக் கேளுங்கள், அம்மன் தருவாள். இப்படித்தான் வர வேண்டும் என்று மட்டும் அவளுக்கு நிபந்தனை போடாதீர்கள். வீட்டில் மணி அடித்தால் எடுங்கள். உங்களுக்கான அழைப்பு இல்லை என்றால் உரியவரைக் கூப்பிட்டுக் கொடுங்கள்.

குறிப்பேட்டில் கடைசிப் பதிவு இது. சிவப்பு மை இல்லை, சுருக்கொப்பம் இல்லை. நேர்முகத்துக்கு வரச் சொன்ன அழைப்பு சுமதியின் எண்ணுக்கு வந்தது, எடுத்தது அவள், நான் பஸ்ஸில் சந்தவாசல் தாண்டிக்கொண்டிருந்தேன். பதில் வந்த தேதி: ஜனவரி ஒன்பது, வெள்ளிக்கிழமை.