ஷவ்கத் அண்ணனின் ஒரே படம்

“இப்போ கதவைத் தட்டுவான் பாரு” என்கிறார் ஷவ்கத் அண்ணன். டிவியில் கதவு தட்டப்படுகிறது. “யாருன்னு கேப்பாரு பாரு.” டிவியில் ஒரு பெரியவர் “யாரு?” என்கிறார். “குழாய் ரிப்பேருன்னு பொய் சொல்லுவான் பாரு.” எங்களுக்குத் தெரியாதா? கெய்ரோவின் ஷுப்ரா பகுதியில் எங்கள் கட்டடத்தின் ஆறு மாடிக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து, சாப்பிட்டு, கோடு போட்ட பைஜாமாவுக்கு மாறியதும் என் அண்ணன் அந்தப் படத்தைப் போட்டுவிடுவார். சத்தம் தெருமுனை இஸ்திரிக் கடை வரைக்கும் போகும்.

கதை இவ்வளவுதான். காதலன் குழாய்க்காரன் வேஷத்தில் பெண் வீட்டுக்குள் நுழைகிறான். அலமாரிக்குள் ஒளிகிறான், தும்முகிறான், மாட்டிக்கொள்கிறான். பெண்ணைப் பெற்றவர் பைஜாமாவோடு செருப்பைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியெல்லாம் துரத்துகிறார். பதினெட்டு வயதில் திறந்தவெளிக் கொட்டகையில் அண்ணன் இதைப் பதினோரு தடவை பார்த்தார். அப்பாக்காரர் வந்தாலே கொறித்த தர்பூசணி விதைத் தோலைத் திரையை நோக்கி வீசுவார். ஏழு வயதுக்காரி நானும் கூட இருந்தேன். அப்போது எனக்கும் சிரிப்பு வந்தது, பொய் சொல்வானேன். இப்போது அந்தத் தும்மலைக் கேட்டாலே தலை வலிக்கிறது.

அண்ணனுக்குத் தொழில், லிஃப்ட் மெக்கானிக். பல்லிடுக்கில் திருகாணியைக் கவ்வியபடியேதான் பேசுவார். நடுவழியில் நின்ற லிஃப்டுக்குள் சிக்கியவர்களுக்கு வெளியிலிருந்து தைரியம் சொல்வதுகூட இந்தப் படத்து வசனத்தைச் சொல்லித்தான். கெய்ரோவில் பாதிப் பேர் இருட்டில் நின்று இந்தக் கதையைக் கேட்டிருக்கிறார்கள், பாவம். எங்கள் கட்டடத்து லிஃப்ட் மட்டும் மூன்று மாதமாக நாலாவது மாடியில் நிற்கிறது. கேட்டால், “பார்ட் வரணும்மா, அவசரப்பட்டா ஆகுமா?” என்பார்.

இதெல்லாம் போகட்டும். மகள் நிஹாலுக்கு முப்பத்தொரு வயது. அவளைப் பெண் கேட்டு வருகிறவனை உட்காரவைத்து அண்ணன் இந்தப் படத்தைப் போடுகிறார். முதலில் வந்தவன் செல்போனைப் பார்த்தான். அடுத்தவன், “இது எந்தக் காலத்துப் படம்?” என்று கேட்டுவிட்டான். இரண்டு பேருக்கும் காபியோடு சரி. “தும்மலுக்குச் சிரிக்காதவன் எம்பொண்ணை எப்படிச் சிரிக்க வைப்பான்?” என்று என்னிடமே நியாயம் பேசினார். இந்த மனுஷரை எந்தச் சுவரில் கொண்டுபோய் முட்டுவது?

மூன்றாவது ஹாஸிம். பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார். இவன் நிஹாலே விரும்பியவன். “இந்தத் தடவையும் கெடுத்தீங்கன்னா இனிமே யாரையும் கூப்பிட மாட்டேன் பாபா. இவர்தான், இல்லேன்னா யாரும் இல்லை” என்று அவள் முன்பே சொல்லியிருந்தாள். அண்ணி இனாயத் ரோஜா சர்பத்தைக் கலக்கி வைத்துவிட்டுக் காத்திருந்தார். இரு வீட்டாரும் உள்ளங்கைகளை விரித்துப் பாத்திஹா ஓதினால்தான் பேச்சு உறுதி, சர்பத்தும் அதற்குப் பிறகுதான்.

ஆறு மாடி ஏறி வந்ததில் ஹாஸிமின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மூச்சு வாங்கியது. அண்ணி கெஞ்சியதால் அண்ணன் கோட்டு மாட்டியிருந்தார். அடியில் அதே பைஜாமா. “வெள்ளிக்கிழமை, என் வீடு” என்றார். பிறகு டிவியைப் போட்டார். அண்ணி நெற்றியில் அடித்துக்கொண்டார்.

தும்மல் வந்தது. ஹாஸிம் மரியாதைக்குப் புன்னகைத்தான், அவ்வளவே. அண்ணன் முகம் சுருங்கியது. அடுத்து அப்பாக்காரர் செருப்போடு ஓடி வந்தார். ஹாஸிம் திரையைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். பொத்துக்கொண்டு வந்தது சிரிப்பு. அவன் அம்மா தொடையில் கிள்ளியும் நிற்கவில்லை.

“என்னப்பா, தும்முறப்ப சும்மா இருந்துட்டு இங்க என்ன சிரிப்பு?”

“மன்னிச்சுக்குங்க மாமா. அவரைப் பார்த்தா... பயமாவும் இருக்கு, சிரிப்பாவும் இருக்கு.”

“அவரைப் பார்த்து என்ன பயம்?”

ஹாஸிம் வாயைப் பொத்திக்கொண்டான். நிஹால்தான் சமையலறை வாசலில் நின்று சொன்னாள்: “இத்தனை வருஷமா நீங்க அந்தக் காதலன் கட்சியிலயே உக்காந்து படம் பாக்குறீங்க பாபா. கொஞ்சம் குனிஞ்சு பாருங்க. கையில செருப்பு ஒண்ணுதான் கொறச்சல்.”

அண்ணன் தன் முழங்காலைப் பார்த்தார். கோடு போட்ட பைஜாமா. பிறகு திரையைப் பார்த்தார். துரத்தும் கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தே பழகியவர் அன்றைக்குத்தான் கண்ணைத் திறந்து வைத்திருந்தார். திரையில் அந்த மனிதர் ஓட முடியாமல் படியில் உட்கார்ந்து, செருப்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு, காலியான மாடிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவரு இங்க உக்காருவாரா?” என்று என்னிடம் கேட்டார்.

“எப்பவும் உக்காருவாரு அண்ணே. நீங்கதான் பார்த்ததில்லை” என்றேன். எரிச்சலோடுதான் சொல்ல வாயெடுத்தேன். குரல் அப்படி வரவில்லை.

அந்த மனிதர் எழுந்து வீட்டுக்குள் போகும்வரை அண்ணன் பார்த்தார். சத்தத்தை முழுக்கக் குறைத்தார். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஹாஸிமின் அப்பாவின் பக்கம் திரும்பி, இரண்டு உள்ளங்கைகளையும் மேலே பார்க்க விரித்தார்.