மூன்று நகரிலும் ஒன்பதாம் எண்

வாருங்கள், எல்லோரும் நலமா? ஷிப்ட் முடித்து வந்தவர்கள் சாப்பிட்டாயிற்றா? இப்படி உட்காருங்கள். என் ஷேர் ஆட்டோ இப்போது கிளம்பாது. செல்வினின் அம்மா ஊரிலிருந்து வந்து, செங்கல்பட்டில் இறங்கி, லோக்கல் ரயில் ஏறிவிட்டார். இந்த சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் அவரை எதிர்கொண்டு, மகன் குடியிருந்த அறைக்குக் கூட்டிப்போக வேண்டியவன் நான். போனில் அவர் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "தம்பி, ஆம்புலன்ஸ் நேரத்துக்கு வந்துச்சா?" நேரில் வாருங்கள் அம்மா, சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை. ரயில் வரும்வரை அவனைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்போம்.

எனக்குச் செய்தி வந்தது ஒரகடம் கூட்டுரோட்டில். டிரெய்லர் லாரி ஒன்று திரும்ப முடியாமல் சாலையை அடைத்து நின்றது. சற்று முன்னால்தான் செல்வினே கூப்பிட்டிருந்தான். "அண்ணாச்சி, நெஞ்சை அடைக்கு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன். நீங்களும் வந்திருங்க." முன்னால் லாரி, பின்னால் வரிசையாகக் கம்பெனி பஸ்கள். ஆட்டோவைத் தூக்கிக்கொண்டா ஓட முடியும்? ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தேன். மறுபடி அவன் நம்பரிலிருந்து போன். குரல் வேறு. "அண்ணே, ஆம்புலன்ஸ் டிரைவர் பேசறேன். இந்த போன்ல உங்க நம்பர் இருந்துச்சி. நீங்க அவசரப்பட்டு வராதீங்கண்ணே. மெதுவா வாங்க." ஹாரனிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

அவன் முதன்முதலில் என் வண்டியில் ஏறியது நினைவிருக்கிறது. மடியில் ஒரு பெட்டி, கைக்குழந்தையை வைத்திருப்பது போல. "இன்னா தம்பி, மிக்சியா?" என்றேன். "ரவுட்டர் அண்ணாச்சி" என்று சிரித்தான். ஒரு கம்பெனி கம்ப்யூட்டர் இன்னொரு கம்பெனி கம்ப்யூட்டருக்கு எதையாவது அனுப்பினால் அது இந்த மாதிரிப் பெட்டிகள் வழியாகத்தான் போகுமாம்.

"அத்தன தூரத்துக்கு வழி இதுக்குத் தெரியுமா?"

"தெரியாது. உங்க வண்டி எதுவரைக்கும் போகும்?"

"ஒரகடம்."

"ஸ்ரீபெரும்புதூர் போறவன் ஏறினா?"

"ஒரகடத்துல எறக்கி வுட்டு, அதோ அந்த வண்டின்னு காட்டுவேன்."

"இதுவும் அம்புட்டுத்தான். அடுத்து யார் கையில குடுக்கணும்னு மட்டும் தெரியும். முழு வழியும் எந்தப் பெட்டிக்கும் தெரியாது."

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். எனக்கே புரிகிற மாதிரி அவன் பேசுவான். அதற்காகவே ஆள் நிறைந்த பிறகும் முன்சீட்டில் என் பக்கத்தில் அவனுக்கு இடம் விடுவேன். மற்றவர்கள், "அண்ணனுக்கு மாப்பிள்ளை வந்துட்டாரு" என்று கேலி செய்வார்கள்.

ஒருமுறை இரண்டு நாள் ஆளையே காணோம். மூன்றாம் நாள் சிவந்த கண்ணோடு வந்தான். ஏதோ ஒரு கம்பெனி பக்கத்து ஷெட்டையும் வாங்கி, இரண்டு ஷெட்டின் கம்ப்யூட்டர்களையும் ஒரே ஒயரில் இணைத்துவிட்டதாம். இந்த ஷெட்டுப் பொருளுக்கான ஸ்டிக்கர் அந்த ஷெட்டு மெஷினில் அச்சாகி வருகிறது. சூப்பர்வைசர் கத்துகிறார், லைன் நிற்கிறது. "உள்ள ஒவ்வொரு மெஷினுக்கும் வைக்கிற நம்பர் எல்லாக் கம்பெனியிலயும் ஒரே மாதிரிதான் அண்ணாச்சி. சுவர் இருக்குற வரைக்கும் சண்டை இல்ல. சுவரை எடுத்தா ரெண்டு ஒம்பது நிக்கும். எந்த ஒம்பதுன்னு அதுக்கு எப்படித் தெரியும்?" என்றான். அப்போதுதான் நான் இன்றும் மறக்காத ஒரு வார்த்தையைச் சொன்னான். "எப்பவும் வாசலை, எந்தக் கம்பெனிங்கிறதை, முதல்ல சொல்லணும். உள் நம்பர் அப்புறம்."

இங்கே நம் வடக்குப்பட்டுப் பக்கம் மனை போட்ட புரோமோட்டரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவருக்கு மூன்று பெண்கள். மூத்தவள் பேரில் ஹேமா நகர், நடுவுள்ளவள் பேரில் ரேகா நகர், கடைசிப் பெண் பேரில் சுதா நகர். நான்காவது ஒன்று பிறந்தால் ஏரியையும் மனை போட்டுவிடுவார் என்று சிரித்திருக்கிறோம். வரைபடத்துக்குச் செலவு எதற்கு என்று மூன்றுக்கும் ஒரே வரைபடம். அதே அகலத் தெரு, அதே மூலையில் அதே தண்ணீர்த் தொட்டி. மூன்றிலும் இரண்டாவது தெரு உண்டு, அதில் ஒன்பதாம் எண்ணும் உண்டு. பெயர்ப்பலகைகளைப் போன மழைக்காற்று சாய்த்தது, யாரும் நிமிர்த்தவில்லை.

செல்வின் இருந்தது சுதா நகர். மூச்சு முட்டும்போது யாருக்கு வாசல் நினைவு வரும்? நகர் பேரை விட்டுவிட்டு, "வடக்குப்பட்டு, ரெண்டாவது தெரு, ஒம்பதாம் நம்பர், தண்ணி டேங்க் பக்கம்" என்று சொல்லியிருக்கிறான். அவ்வளவும் சரி. ஆம்புலன்ஸ் ஹேமா நகருக்குப் போனது. தெரு சரி, எண் சரி, டேங்க் சரி, வீடு பூட்டியிருந்தது. பிறகு ரேகா நகர். அங்கே ஒரு அம்மா கதவைத் திறந்து, "இங்க யாருக்கும் ஒன்னும் இல்லியேப்பா" என்று பயந்துபோனார். கடைசியாகச் சுதா நகருக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அந்த டிரைவர் தலையில் கைவைத்துக்கொண்டு என்னிடம் சொன்னார். "ரெண்டு தடவ கூப்பிட்டாருண்ணே. ரெண்டாவது தடவ பேச்சு வரல. மூச்சு சத்தம் மட்டும் கேட்டுச்சி. திருப்பிக் கூப்பிட்டா எடுக்கல."

யாரைத் திட்டுவது? அந்த டிரைவர் சந்து சந்தாக ஓடியிருக்கிறார். செல்வின் பொய் சொல்லவில்லை. நான் லாரிக்குப் பின்னால் நின்றேன். பலகையை நிமிர்த்தச் சொல்லி இப்போது மனு கொடுத்திருக்கிறோம், பார்க்கிறோம் என்கிறார்கள். என்னிடம் அவனுடையது என்று மிச்சம் இருப்பது அந்த ஒரு வார்த்தைதான். யார் ஏறினாலும் எந்த நகர் என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறேன். அதனால் போனவன் வரப்போவதில்லை.

உங்களை இங்கே உட்கார வைத்ததற்குக் காரணம், அந்த அம்மா எதிரில் மூன்று நகர் கதையை யாரும் எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான். நேரத்துக்கு வந்தது, விதி முடிந்துவிட்டது என்றால் அவர் அழுது ஓய்வார். வரவில்லை என்றால், பிள்ளை அறையில் தனியாகக் காத்துக் கிடந்ததைத் தினமும் நினைப்பார். ஆனால் பெற்றவளுக்கு உண்மையை மறைக்க நான் யார்? இரண்டில் எதைச் சொன்னாலும் அவருக்கு ஒன்று...

"அண்ணே! அந்தம்மா எறங்கிட்டாங்க! படிக்கட்டாண்ட நின்னுகினு உங்களத்தான் கேக்கறாங்க!"

இதோ வருகிறேன் தம்பி. நீங்கள் யாரும் எழுந்திருக்க வேண்டாம், நானே போய் அவரிடம் முதலில்...